ஆறு பைசாவுக்காகக் குறைந்த ரிங்: செல்போன் இணைப்புக் கட்டணம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2019 அக்டோபர் வாக்கில் என் அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. எங்கே போனாலும் போனை இடுப்பில் செருகிக்கொண்டே போனார். கொல்லையில் துணி காயப்போடும்போதும் சரி, அடுப்படியில் நிற்கும்போதும் சரி. ஏன் என்று கேட்டேன். "நான் வந்து எடுக்கிறதுக்குள்ள கட்டாயிடுதுப்பா" என்றார். மூட்டுவலிக்காரர். கூடத்தில் மணி அடித்தால் கையைத் துடைத்துக்கொண்டு நடந்து வர அரை நிமிடமாவது ஆகும். முன்பெல்லாம் அந்த அரை நிமிடம் அவருக்குக் கிடைத்தது. அந்த மாதங்களில் அவர் பாதி தூரம் வருவதற்குள் மணி நின்றுவிடும். அப்புறம் அவரே என்னைத் திருப்பிக் கூப்பிடுவார்.

அவர் திருப்பிக் கூப்பிட்டதில்தான் விஷயமே இருக்கிறது. நான் அழைத்து அவர் எடுத்திருந்தால், என் சிம் நிறுவனம் அவருடைய சிம் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 6 பைசா கொடுக்க வேண்டும். அவர் அழைத்து நான் எடுத்தால் அவருடைய நிறுவனம் என்னுடையதற்குக் கொடுக்க வேண்டும். மணி அடிக்கும் நேரத்தைக் குறைத்தால் தவறும் அழைப்புகள் கூடும். தவறியவற்றில் ஒரு பங்கு திரும்பி வரும். செலவாக இருந்தது வரவாக மாறிவிடும்.

அந்த 6 பைசா எந்த ரீசார்ஜ் ரசீதிலும் வந்ததில்லை. அதைத் தீர்மானித்தது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய். நமக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான விலையை ஆணையம் பெரும்பாலும் சந்தைக்கே விட்டுவிட்டது. நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான இந்த விலையைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 2016 முதல் 2021 வரை செல்போன் சந்தையில் நடந்த பெரிய சண்டைகளில் பல இந்த ஒரு விலையைச் சுற்றியே நடந்தன. ஆணையம் போட்ட எண் சரியானது என்பதுதான் என் முடிவு. பிழை தேதியில் இருந்தது. அதை இந்த ஆய்வில் காட்ட முயல்கிறேன்.

பில்லில் வராத விலை

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்தார். நாட்டின் முதல் செல்போன் அழைப்பு அது. அன்று நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. அழைப்பவருக்கு மட்டுமல்ல, அழைப்பை எடுப்பவருக்கும் காசு. போன் அடித்தால் நம்பரைப் பார்த்துவிட்டு, கட் செய்துவிட்டு, பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

1997-ல் ஆணையம் பிறந்தது. அழைப்பவர் மட்டும் கட்டணம் கொடுத்தால் போதும் என்ற முறையைக் கொண்டுவர அது எடுத்த முதல் முயற்சி டெல்லி உயர் நீதிமன்றத்தில் அடிபட்டுப் போனது. சட்டம் திருத்தப்பட்டு, ஆணையத்துக்கு அதிகாரம் கூடி, 2003 மே மாதம்தான் அந்த முறை நடைமுறைக்கு வந்தது. உள்வரும் அழைப்பு இலவசம் என்று நாம் கொண்டாடியது அப்போதுதான்.

ஆனால் எடுப்பவர் காசு தரவில்லை என்பதற்காக அவருடைய நிறுவனத்துக்குச் செலவு இல்லாமல் போய்விடாது. அந்த அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க அதன் டவரும் அலைக்கற்றையும் வேண்டும். அதற்கு அழைப்பவரின் நிறுவனம் ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடானது. இதுதான் அழைப்பு முடிப்புக் கட்டணம். துறைக்குள்ளே எல்லோரும் ஐ.யூ.சி. என்பார்கள்.

இதை ஏன் சந்தையே பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாது? நாட்டில் பத்து நிறுவனங்கள் இருந்தாலும், என் அம்மாவின் நம்பருக்குப் போய்ச் சேர வழி ஒன்றுதான். அவருடைய சிம் எந்த நிறுவனத்துடையதோ அந்த நிறுவனத்தின் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். தன் வாடிக்கையாளர்களைப் பொறுத்தவரை சின்ன நிறுவனமும் ஏகபோகம்தான். கேட்கிற விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். கேட்கும் விலையைத் தாறுமாறாக ஏற்றி, புதிதாக வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடலாம். போட்டி மலிந்த சந்தையிலும் இந்த ஒரு இடத்தில் அரசு தலையிட வேண்டியிருப்பது இதனால்தான். இந்தக் காரணத்தை மறந்துவிட்டுப் பார்த்தால் பின்னால் நடந்த எதுவும் புரியாது.

2004 தொடக்கத்திலிருந்து நிமிடத்துக்கு 30 பைசா. 2009 ஏப்ரலில் அது 20 ஆனது. 2015 மார்ச்சில் 14 ஆனது. இரண்டு நிறுவனங்களுக்கு இடையே போகிற அழைப்பும் வருகிற அழைப்பும் ஏறக்குறைய சமமாக இருந்தால் கணக்கு நேராகிவிடும். அதனால் இத்தனை ஆண்டுகளும் இந்த விலை பொதுமக்களின் கண்ணில் படவில்லை.

2016 செப்டம்பர்

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. குரல் அழைப்புக்கு என்றைக்கும் காசு இல்லை என்றது. டேட்டாவையும் ஆரம்ப மாதங்களில் இலவசமாகக் கொடுத்தது. கணக்கு ஒரே நாளில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புது நெட்வொர்க்கிலிருந்து பழைய நெட்வொர்க்குகளுக்கு அழைப்புகள் கொட்டின. எதிர்த்திசையில் வந்தவை கொஞ்சம்தான். போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் 14 பைசா. வாடிக்கையாளரிடமிருந்து வருவதோ பூஜ்யம்.

முதல் சண்டை விலையில் தொடங்கவில்லை, கம்பியில் தொடங்கியது. இரண்டு நெட்வொர்க்குகள் சேரும் இடத்துக்கு இணைப்பு முனை என்று பெயர். அங்கே போதுமான எண்ணிக்கையில் இணைப்புகள் இருந்தால்தான் அழைப்பு போகும். ஆணையத்தின் தர விதிப்படி அந்த முனையில் 1,000 அழைப்புகளில் 5-க்கு மேல் தோற்கக் கூடாது. தன் அழைப்புகளில் நூற்றுக்கு 75-க்கு மேல் தோற்கின்றன என்று ஜியோ புகார் சொன்னது. இலவசமாகக் கொடுத்து வெள்ளம் போல அழைப்புகளை அனுப்பினால் எப்படித் தாங்குவது, 14 பைசா எங்கள் செலவுக்கே போதாது என்று பழைய நிறுவனங்கள் பதில் சொன்னன.

2016 அக்டோபர் 21 அன்று ஆணையம் தொலைத்தொடர்புத் துறைக்குப் பரிந்துரை அனுப்பியது. வட்டத்துக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு மாநிலம் அளவிலான உரிமப் பகுதிக்கு, 50 கோடி ரூபாய் அபராதம். ஏர்டெல்லுக்கு 21 வட்டங்கள், 1,050 கோடி. வோடஃபோனுக்கும் அதே 1,050 கோடி. ஐடியாவுக்கு 19 வட்டங்கள், 950 கோடி. ஆக மொத்தம் 3,050 கோடி. தொகையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஆணையத்தால் அபராதத்தைப் பரிந்துரைக்கத்தான் முடியும், விதிப்பது துறையின் வேலை. துறை அதற்கு ஒப்புதல் கொடுத்தபோது 2019 ஆகியிருந்தது. கேட்புக் கடிதம் போனது 2021-ல். அதற்குள் அபராதம் கட்ட வேண்டிய மூன்று நிறுவனங்களில் இரண்டு ஒன்றாகவே ஆகிவிட்டன. புதிதாக வருகிறவருக்கு இணைப்பு மறுக்கப்பட்டால் நிவாரணம் வாரக்கணக்கில் வர வேண்டும். ஐந்து வருடம் கழித்து வருகிற அபராதத்தால் எந்தச் சின்ன நிறுவனமும் பிழைக்காது. ஜியோ பிழைத்ததற்குக் காரணம் அதன் பின்னால் இருந்த பணம். அப்படிப் பணம் இல்லாத ஒருவர் அன்று வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

14 எப்படி 6 ஆனது

2017 செப்டம்பர் 19 அன்று ஆணையம் புதிய விதியை வெளியிட்டது. அக்டோபர் 1 முதல் 6 பைசா. 2020 ஜனவரி 1 முதல் பூஜ்யம். அதன் பிறகு யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், அவரவர் வாடிக்கையாளரிடம் வாங்குவதை அவரவர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லோரும் ஒரே டவர், ஒரே கருவிகளைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் ஒரு தரப்புக்கு 14 பைசாவே போதவில்லை, இன்னொரு தரப்புக்குப் பூஜ்யமே சரி. இது எப்படி? கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு டவரின் வாடகை, மின்சாரம், டீசல், அலைக்கற்றை விலை எல்லாவற்றையும் கூட்டி, அதை எல்லா அழைப்புகளுக்கும் பங்கு பிரித்தால் பெரிய எண் வரும். அதை விட்டுவிட்டு, "வெளியிலிருந்து அழைப்பே வராவிட்டால் இந்த நிறுவனத்துக்கு எவ்வளவு செலவு மிச்சமாகும்?" என்று மட்டும் கேட்டால் மிகச் சின்ன எண் வரும். ஏனென்றால் தன் வாடிக்கையாளர்களுக்காக அந்த டவரை அது எப்படியும் நட்டிருக்கும். ஆணையம் இரண்டாவது கேள்வியைக் கேட்டது. 6 பைசா வந்தது. 4ஜியில் குரலும் டேட்டாவைப் போலவே போகிறது, அதற்கு ஆகும் செலவு இன்னும் குறைவு. எல்லோரும் அந்தத் தொழில்நுட்பத்துக்கு மாறும்போது பூஜ்யத்துக்குப் போய்விடலாம் என்பது ஆணையத்தின் வாதம்.

இரண்டாவது கேள்விதான் சரியானது என்று நான் நினைக்கிறேன். முதல் கேள்விப்படி போனால், என் அம்மாவின் நிறுவனம் தன் டவருக்கான செலவை அவரிடமும் வசூலிக்கும், அவரை அழைக்கிற என்னிடமும் வசூலிக்கும். பேசுவது இரண்டு பேருக்கும் பயன்தானே. எடுப்பவருக்குப் பயன் இல்லாவிட்டால் அவர் எடுக்கவே மாட்டாரே.

ஆனால் முடிவின் வலி உண்மையானது. 2017 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டில் ஏர்டெல்லின் நிகர லாபம் 39 சதவீதம் சரிந்து 306 கோடிக்கு வந்தது. அதே காலாண்டில் ஜியோ முதல் முறையாக லாபம் காட்டியது: 504 கோடி. அதற்கு முந்தைய காலாண்டில் 271 கோடி நஷ்டம். இந்த மாற்றம் முழுவதும் 8 பைசாவால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஒழுங்குமுறை முடிவு இரண்டு கணக்குப் புத்தகங்களை எவ்வளவு அசைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஆணையம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு அப்போது பலமாக எழுந்தது. சரியான முடிவே ஆனாலும், யாருக்கு லாபம் என்று இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும்போது சந்தேகம் வரத்தான் செய்யும்.

அந்த விதியின் விளக்கக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. தேவைப்பட்டால் ஒரு வருடத்துக்குப் பிறகு இந்த ஏற்பாட்டை மறுபடி பார்க்கலாம் என்று ஆணையம் தனக்கென்று ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் திருப்பம் அந்த வரியில்தான் இருக்கிறது.

ரிங்கும் பத்து ரூபாயும்

2019 செப்டம்பர் 18 அன்று ஆணையம் அந்தக் கதவைத் திறந்தது. 2020 ஜனவரி 1 என்ற தேதியை மாற்ற வேண்டுமா என்று கருத்துக் கேட்டது. தேதி உறுதி என்று நம்பியவர்கள் விழித்துக்கொண்டார்கள், தேதி தள்ளிப்போக வேண்டும் என்று விரும்பியவர்கள் சுறுசுறுப்பானார்கள். அழைப்புகளின் சாய்வு எவ்வளவு என்பதுதான் இனி முடிவைத் தீர்மானிக்கும். சரி, அப்படியானால் சாய்வையே மாற்றிவிட்டால்?

அதுவரை சுமார் 45 விநாடி அடித்துக்கொண்டிருந்த மணி குறைய ஆரம்பித்தது. ஜியோ தன் நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் அழைப்புகளுக்கு 20 விநாடி ஆக்கியது. எங்களுக்கு வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டு ஏர்டெல்லும் 25 விநாடிக்கு இறங்கியது. மிஸ்டு கால் கொடுத்து வளர்ந்த நாடு இது. வீடு வந்து சேர்ந்ததைச் சொல்ல ஒரு ரிங், கிளம்பிவிட்டேன் என்று சொல்ல இரண்டு ரிங் என்று கணக்கு வைத்திருந்தோம். அந்த மிஸ்டு காலே இப்போது நிறுவனங்களின் ஆயுதமாகிவிட்டது. பழைய நெட்வொர்க்குகளின் 2ஜி வாடிக்கையாளர்கள் காசை மிச்சப்படுத்த மிஸ்டு கால் கொடுக்கிறார்கள், எங்கள் வாடிக்கையாளர்கள் இலவசம் என்பதால் திருப்பிக் கூப்பிடுகிறார்கள், நாங்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஜியோ சொன்னது. மூன்று வருடத்தில் நிகரமாக 13,500 கோடி ரூபாய் கொடுத்திருக்கிறோம் என்றது. ரிங்கைக் குறைத்து மிஸ்டு காலை நீங்களே உற்பத்தி செய்கிறீர்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை இருந்தது.

2019 அக்டோபர் 10 முதல் ஜியோ மற்ற நெட்வொர்க்குகளுக்குப் பேச நிமிடத்துக்கு 6 பைசா வாங்க ஆரம்பித்தது. என்றைக்கும் இலவசம் என்ற வார்த்தை மூன்று வருடமும் ஒரு மாதமும் நின்றது. இதற்காக 10 ரூபாய் டாப்-அப் ஒன்று வந்தது: 124 நிமிடம், ஈடாக 1 ஜிபி டேட்டா. 10 ரூபாய்க்கு 6 பைசா வீதம் 166 நிமிடம் அல்லவா வர வேண்டும்? 10 ரூபாயில் 18 சதவீத ஜி.எஸ்.டி. போனால் 8 ரூபாய் 47 பைசா. அதில் 1 ரூபாய் செயலாக்கக் கட்டணம். மிச்சம் 7 ரூபாய் 47 பைசா. அதை 6 பைசாவால் வகுத்தால் 124. ஆணையம் விதித்தது 6 பைசாதான், ஆனால் வாடிக்கையாளர் கையிலிருந்து போனது நிமிடத்துக்கு 8 பைசா.

2019 நவம்பர் 1 அன்று ஆணையம் தலையிட்டது. செல்போனுக்கு 30 விநாடி, தரைவழித் தொலைபேசிக்கு 60 விநாடி மணி அடிக்க வேண்டும் என்று விதித்தது. ஒரு நாட்டின் ஒழுங்குமுறை ஆணையம் மணி எத்தனை விநாடி அடிக்க வேண்டும் என்று உத்தரவு போட வேண்டி வந்த நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாதாரணமாக அது யாருக்கும் தோன்றாத கேள்வி. விலை விதியில் ஒரு சந்து இருந்ததால், அந்தச் சந்து போய் மணியில் முடிந்தது.

தள்ளிப்போன தேதி

2019 டிசம்பர் 17 அன்று, பூஜ்யத்துக்கான தேதியை ஆணையம் ஒரு வருடம் தள்ளி வைத்தது. புதுத் தேதி 2021 ஜனவரி 1. அழைப்புகளின் சாய்வு இன்னும் நேராகவில்லை, 2ஜி வாடிக்கையாளர்கள் இன்னும் ஏராளமாக இருக்கிறார்கள் என்பது காரணம்.

இந்தக் காரணத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். வோடஃபோன் ஐடியாவின் நிலைமை அப்போது மோசம். அரசுக்குக் கட்ட வேண்டிய உரிமக் கட்டணத்தை எந்தெந்த வருமானத்தின் மேல் கணக்கிடுவது என்ற ஏ.ஜி.ஆர். வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அக்டோபர் 24 அன்றுதான் வந்திருந்தது. செப்டம்பரில் முடிந்த காலாண்டுக்கு அந்த நிறுவனம் காட்டிய நஷ்டம் 50,000 கோடியைத் தாண்டியது. ஆனால் தள்ளிவைத்ததில் ஒரு கேடு இருந்தது. சாய்வு இருந்தால் கட்டணம் நீடிக்கும் என்று ஆணையமே சொல்லிவிட்டால், கட்டணம் வாங்குகிறவருக்குச் சாய்வைப் பாதுகாப்பதில் லாபம். கொடுக்கிறவருக்குச் சாய்வை எப்படியாவது புரட்டிப்போடுவதில் லாபம். தன் வாடிக்கையாளர்களைச் சீக்கிரமாக 4ஜிக்கு நகர்த்துவதில் யாருக்கும் லாபம் இல்லை. 2017-லேயே தேதியை உறுதியாகச் சொல்லி, வருடத்துக்கு ஒரு படி என்று 14, 9, 4, பூஜ்யம் என்று இறக்கியிருக்கலாம். பழைய நிறுவனங்களுக்கு அந்த முதல் அடி இவ்வளவு விழுந்திருக்காது. கடைசித் தேதியைத் தள்ள வேண்டிய நெருக்கடியும் வந்திருக்காது. வியாபாரம் செய்கிறவர்கள் கெட்ட விலையைக்கூடத் தாங்கிக்கொள்வார்கள். நாளைக்கு என்ன விலை என்று தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க மாட்டார்கள். அந்த இடைவெளியில் அவர்கள் செய்கிற எல்லாமே கடைசியில் வாடிக்கையாளர் தலையில் விழும்.

2021 ஜனவரி 1 அன்று ஒருவழியாகப் பூஜ்யம் வந்தது. அன்றைக்கே ஜியோவும் மற்ற நெட்வொர்க்குகளுக்கான கட்டணத்தை எடுத்துவிட்டது. அதோடு ரிங் சண்டைக்கான காரணமே போய்விட்டது.

நடுவில் காணாமல் போனவர்கள்

ஆணையம் பைசாக்களைப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 கடைசியில் குரல் சேவையை நிறுத்தியது. டெலினாரும் டாடாவின் செல்போன் தொழிலும் ஏர்டெல்லுக்குள் போயின. 2018 ஆகஸ்ட் 31 அன்று வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின.

தமிழ்நாட்டில் நமக்கு நன்றாக நினைவிருப்பது ஏர்செல். 1999-ல் இங்கே பிறந்து, இங்கே மிகப் பெரிதாக வளர்ந்த நிறுவனம். 2018 பிப்ரவரியில், டவர் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியால் டவர்கள் நின்று, மாநிலம் முழுக்க சிக்னல் போனது. ஷோரூம் வாசல்களில் கூட்டம். வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிக் குறியீட்டு எண் வாங்க வேண்டும். சிக்னலே இல்லாத சிம்மிலிருந்து எஸ்.எம்.எஸ். எப்படிப் போகும்? வங்கிக் கணக்கு, கேஸ் பதிவு, ஆதார் எல்லாம் அந்த நம்பரில் இருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த மாத இறுதியில் நிறுவனம் திவால் மனு போட்டது.

இந்தப் பக்கத்தைப் பார்க்க வேறு அமைப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, போட்டி ஆணையம். ஜியோ அடிமாட்டு விலைக்கு விற்றுப் போட்டியாளர்களை அழிக்கிறது என்று ஏர்டெல் அங்கே புகார் கொடுத்தது. சந்தையில் ஆதிக்கம் உள்ளவர் மீதுதான் அந்தக் குற்றம் நிற்கும், புதிதாக வந்தவருக்கு ஆதிக்கம் இல்லை என்று 2017 ஜூனில் புகார் தள்ளுபடியானது. எதிர்ப்பக்கத்தில், பழைய நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து இணைப்பை மறுத்தன என்ற புகாரைப் போட்டி ஆணையம் விசாரணைக்கு எடுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது: துறை சார்ந்த உண்மைகளை முதலில் டிராய் தீர்மானிக்கட்டும், அப்புறம் போட்டி ஆணையம் பார்க்கலாம். சட்டப்படி தெளிவான வரிசை. ஆனால் ஒரு வாசலில் காத்திருந்து இன்னொரு வாசலுக்குப் போவதற்குள் சந்தையே மாறிவிடும் என்பதுதான் கஷ்டம்.

2018 பிப்ரவரியில் டிராய் தானே ஒரு விதி போட்டது. ஒரு வட்டத்தில் வாடிக்கையாளர் எண்ணிக்கையிலோ வருமானத்திலோ 30 சதவீதப் பங்குக்கு மேல் இருப்பவர், போட்டியாளரை ஒழிக்கும் நோக்கில் விலை வைத்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பங்கு அன்று பல வட்டங்களில் பழைய நிறுவனங்களிடம்தான் இருந்தது. அந்த வருடம் டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இந்தப் பகுதிகளை ரத்து செய்தது.

இப்போது மூன்று தனியார் நிறுவனங்கள், கூடவே பி.எஸ்.என்.எல். 2019 டிசம்பரில் தனியார் மூவரும் கட்டணம் ஏற்றினார்கள், சில பேக்குகள் 40 சதவீதத்துக்கும் மேல் ஏறின. 2021 கடைசியில் மறுபடி. 2024 ஜூலையில் மறுபடி. மூன்று முறையும் சில நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக. குறைந்தபட்ச விலை ஒன்றை ஆணையமே விதிக்க வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்டன. 2019-ல் ஆணையம் அதற்கும் கருத்துக் கேட்டது, ஆனால் விதிக்கவில்லை. அதற்கு நான் நன்றி சொல்வேன். ஆட்கள் குறைந்த சந்தையில் அரசே தரை விலை போட்டால், அதற்குக் கீழே வந்து விற்க நினைக்கும் கடைசி ஆளையும் சட்டமே தடுத்துவிடும்.

குரல் மட்டும் போதும் என்பவர்கள்

இந்த விலையேற்றங்களில் அதிகம் அடிபட்டவர்கள் பட்டன் போன் வைத்திருப்பவர்கள். டேட்டாவே பயன்படுத்தாத ஒருவர், பேசுவதற்காகத் தினம் 1 ஜிபி, 1.5 ஜிபி என்று சேர்த்துக் கட்டிய பேக்கை வாங்க வேண்டியிருந்தது. என் அம்மாவும் அப்படித்தான். மாதாமாதம் கண்ணால் பார்க்காத டேட்டாவுக்குக் காசு போய்க்கொண்டிருந்தது.

2024 டிசம்பர் 23 அன்று ஆணையம் விதியைத் திருத்தியது. குரலும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்தாக வேண்டும், 365 நாள் வரை செல்லுபடி வைக்கலாம் என்றது. விலை என்ன என்று சொல்லவில்லை. 2025 ஜனவரியில் வந்த முதல் பேக்குகளைப் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. டேட்டாவை எடுத்துவிட்டார்கள், விலையில் அதற்கேற்ற குறைவு இல்லை. பலரும் எழுதினார்கள். இந்த விலைகளை ஆராய்வோம் என்று ஆணையம் அறிவித்தது. வேறு உத்தரவு எதுவும் போடவில்லை. சில நாட்களிலேயே ஜியோவும் ஏர்டெல்லும் அந்த பேக்குகளின் விலையை இறக்கின.